வெட்கமும் திருவிருந்தும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தோத்திரம். தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தலைமுறைகளாகச் சபையாராக இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். சபை மக்களைச் சேர்த்து நான் நடத்திவந்த ஏலச்சீட்டு சில ஆண்டுகளுக்கு முன் முறிந்துபோயிற்று. முதலிலேயே சீட்டை எடுத்த சிலர் தவணை கட்டாமல் ஊரைவிட்டுப் போனதால் வந்த வினை. வீட்டை விற்று ஏறக்குறைய எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். இரண்டு மூன்று பேருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அன்று முதல் ஆராதனையில் கடைசி வரிசையில் அமர்ந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து தொடங்கும் முன் வெளியே வந்துவிடுகிறேன். என் மனைவியும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போவதில்லை. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிக்கிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பை, தண்டனையை, வருவித்துக்கொள்கிறான் என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியிருக்க, எப்படிப் போவது? அண்மையில் எங்கள் ஊர்க் கன்வென்ஷனில் பேசிய ஊழியர் ஒருவர், வெட்கமும் ஒரு பாவம், அது பெருமையின் மறுமுகம் என்றார். அப்படியானால் ஏழு தலையான பாவங்களில் அதை ஏன் சேர்க்கவில்லை? கிறிஸ்தவ ஒழுக்கச் சிந்தனையில் வெட்கத்தைப் பாவமாகக் கருதுவது சரிதானா? பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதென்றால் ஒரே சொல் போதும்: பாவமல்ல. அதைத் தனிக் கடிதமாகவே எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய பவுலின் வசனமும், அதை உங்களுக்கு எதிராகவே நீங்கள் திருப்பிக்கொண்டிருக்கும் விதமும், சில காலமாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைத் தொட்டுவிட்டன. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

ஏழு பாவங்களின் பட்டியலைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ், தனித்திருக்கும் துறவியைத் தாக்கும் எண்ணங்கள் என்று எட்டை வகுத்துவைத்தார். ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போப் முதலாம் கிரகோரியின் கையில் அது ஏழாயிற்று. மனிதர் படும் பாடு அனைத்தையும் அடக்குவதற்காக எழுதப்பட்டதல்ல அது. ஆதாமும் ஏவாளும் அத்தியிலைகளைத் தைத்துக்கொண்டதை வைத்து இந்தக் கேள்வியைத் தீர்க்க முயலும் பிரசங்கங்களையும் விட்டுவிடுவோம். அந்த இருவருக்கும் தோல் உடைகளைச் செய்து உடுத்தியவர் தேவனே என்ற வசனம் வரை அவர்கள் பெரும்பாலும் வாசிப்பதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வெட்கத்தை அச்சத்தின் ஒரு வகையாகக் கொண்டு, இழிவுக்கு அஞ்சும் அந்த உணர்ச்சி பாராட்டத்தக்கதுதான், ஆனால் முழுமையான நற்பண்பு என்று சொல்ல முடியாது என்று முடித்தார். பாவம் என்று அவர் சொல்லவில்லை. இந்தப் பகுதிக்கு அவ்வளவு போதும்.

உங்கள் கன்வென்ஷன் ஊழியர் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. அந்தத் துளி உங்களுக்கு உரியதல்ல என்பதே என் வாதம். நான்காம் நூற்றாண்டின் ரோமில் விக்டோரினஸ் என்ற பேச்சுக்கலை ஆசிரியர் இருந்தார். மேட்டுக்குடிப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆசான். நகரத்தின் பொதுமன்றத்தில் அவருக்குச் சிலை வைத்திருந்தார்கள். வேதத்தைப் படித்து மனம் மாறியபின், தாம் கிறிஸ்தவனாகிவிட்டதாக சிம்பிளிசியானுஸ் என்ற நண்பரிடம் தனியே சொல்லுவார். சபையில் பார்த்தால்தான் நம்புவேன் என்று நண்பர் சொல்ல, சுவர்களா மனிதனைக் கிறிஸ்தவனாக்குகின்றன என்று சிரித்து மழுப்புவார். உயர்ந்த இடத்து நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம் அது. பெருமையின் மறுமுகம் என்று இந்த வெட்கத்தைச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன், ஏனென்றால் அந்த மனிதருக்குக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சிலை இருந்தது. ஆனால் ஒருநாள் அவர் சபைக்கு வந்தபோது ரோமத் திருச்சபை என்ன செய்தது என்பதையும் ஆயரும் இறையியலாளருமான அகஸ்டின், 'அறிக்கைகள்' என்ற தம் வாழ்க்கை நூலின் எட்டாம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எல்லார் முன்னிலையிலும் மேடையேறி விசுவாச அறிக்கை சொல்வதே அங்கே முறை. கூச்சத்தால் தடுமாறக்கூடியவர்களுக்கு அதைத் தனியே சொல்லிக்கொள்ளும் சலுகை உண்டு. விக்டோரினஸிடமும் அந்தச் சலுகையைத் தருவதாகக் குருமார்கள் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்று மறுத்து, ஜனங்களின் முன்னால் உரத்துச் சொன்னார். அவருடைய துணிவைப் புகழ்வோர் உண்டு. நான் அந்தக் குருமார்களைப் புகழ்கிறேன். வெட்கப்படுகிறவனை அவர்கள் பாவியாக எண்ணவில்லை, அவனுக்காக ஒரு பக்கக் கதவைத் திறந்துவைத்திருந்தார்கள்.

வெட்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதையும் அதே அகஸ்டினிடம்தான் பார்க்கிறோம். 410-இல் கோத் இனத் தலைவன் அலாரிக்கின் படை ரோமுக்குள் புகுந்தபோது கிறிஸ்தவப் பெண்கள் பலர் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். அவர்களை இகழ்ந்து பேசியவர்களுக்கு மறுமொழியாக, இறைநகரம் பற்றிய தம் பெரிய நூலின் முதல் புத்தகத்தில், பிறர் இச்சையால் உடலுக்கு நேர்ந்தது உடன்படாத உள்ளத்தைக் கறைப்படுத்தாது என்று அவர் எழுதினார். அந்தக் காலத்தில் அதை எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்தப் பக்கங்களுக்காக அவரை வணங்குகிறேன். ஆனால் அத்தோடு அவர் நிறுத்தவில்லை. ரோமர்கள் போற்றிய லுக்ரேசியாவை, அரசன் மகனால் கெடுக்கப்பட்டுத் தன்னைத்தானே குத்திக்கொண்டு இறந்த அந்தப் பழங்காலத்துப் பெண்ணை, அவர் விசாரணைக்கு இழுக்கிறார். அவள் உடன்பட்டிருந்தால் ஏன் புகழ்கிறீர்கள், கற்புடையவள் என்றால் ஏன் கொல்லப்பட்டாள் என்று வழக்கறிஞரைப்போலக் கேட்டு, அவளைக் கொன்றது கற்பின்மேல் கொண்ட அன்பு அல்ல, வெட்கத்தின் பலவீனம் என்று தீர்ப்புச் சொல்கிறார். இருவர் இருந்தார்கள், ஒருவனே விபசாரம் செய்தான் என்ற பழைய வாசகத்தை அவரே மெச்சி எடுத்துக்காட்டுகிறார். ஆயினும் அத்தியாயம் முடியும்போது அந்த ஒருவன் எங்கோ போய்விடுகிறான், செத்துப்போன பெண்தான் கூண்டில் நிற்கிறாள். நண்பரே, வெட்கத்தைப் பாவமாக்கும்போதெல்லாம் நடப்பது இதுதான். காயப்பட்டவருக்குக் காயமும் மிஞ்சும், காயப்பட்ட குற்றமும் சேரும். காயப்படுத்தியவர் வழக்கிலிருந்தே காணாமல் போவார்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவனல்ல. சிறுவயதில் எங்கள் சபையில் ஒரு பெண்ணைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள்; மணமாகாமல் பிள்ளை பெற்றவள். திரும்பச் சேர்த்துக்கொள்வதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சபைக்கு முன்னால் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். வெளுத்த நூல் சேலை; முந்தானையைத் தோளைச் சுற்றி இறுக்கி இழுத்து, அதன் நுனியை வலது கையில் சுருட்டிக்கொண்டே நின்றாள்; எழுதிக்கொடுத்த தாளை வாசிக்கத் தெரியாததால் கோயில் ஊழியரான கோயில்பிள்ளை ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். அந்தப் பிள்ளையின் தகப்பன் யாரென்று முழுச் சபைக்கும் தெரியும். அவன் மூன்றாம் வரிசையில் தன் அண்ணன்மாரோடு உட்கார்ந்திருந்தான். அன்று முதல் பந்தியில் போய் முழங்காலிட்டவர்களில் அவனும் ஒருவன். அவள் கடைசிப் பந்தியில் போனாள். பீடத்தின் முன்னுள்ள கிராதியின் ஓரத்தில் அவள் முழங்காலிட்டபோது அவளுக்கு அடுத்த இடத்தில் யாரும் வரவில்லை. போதகரான ஐயர் கிண்ணத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தார். அவளுடைய வெட்கம் பாவமா என்று என்னிடம் கேட்டால், அந்தத் துணியைத்தான் நான் காட்டுவேன்.

இப்போது உங்கள் வசனத்துக்கு வருகிறேன். 'அபாத்திரமாய்' என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை நீங்கள் எந்த இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினீர்கள்? உங்கள் போதகர் திருவிருந்து ஆராதனையில் வாசிக்கும் இடத்திலிருந்து, அதாவது கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் பதினோராம் அதிகாரத்தின் 23-ஆம் வசனத்திலிருந்து வாசித்திருப்பீர்கள். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் வாசிக்கிறோம். 17-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கிரேக்க நாட்டிலுள்ள கொரிந்து, ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் மறுபடியும் குடியேற்றிய வணிக நகரம். புதுப்பணமும் விடுதலை பெற்ற அடிமைகளும் நிறைந்த ஊர். விசுவாசிகள் வசதியுள்ள ஒருவர் வீட்டில் கூடி, முழு உணவாகவே கர்த்தருடைய இராப்போஜனத்தை உண்டார்கள். அத்தகைய வீட்டின் விருந்தறையில் சாய்ந்தமர்ந்து உண்ண வழக்கமாக ஒன்பது பேருக்குத்தான் இடம், மற்றவர்களுக்கு முற்றம். அந்தக் காலத்தில் ஞாயிறு விடுமுறை நாளும் அல்ல. அது 321-இல் கான்ஸ்டன்டைனின் ஆணையால் வந்தது. வேலை முடிந்து அடிமையும் கூலிக்காரனும் வந்துசேர்வதற்குள் உள்ளேயிருந்தவர்கள் தின்று குடித்து முடித்திருப்பார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடித்து வெறியாயிருக்கிறான் என்று எழுதுகிற பவுல், அடுத்த மூச்சில் கேட்கும் கேள்வி இது: "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?"

இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் அப்பத்தைப் பற்றியும் பாத்திரத்தைப் பற்றியும் தாம் பெற்றுக்கொண்டதைச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் ஆக்கினைத்தீர்ப்பைப் பற்றிய எச்சரிக்கை வருகிறது. அந்த எச்சரிக்கையை முடித்துவிட்டு, ஆகையால் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று முடிக்கிறார். தொடக்கமும் முடிவும் ஏழைகளைப் பற்றியதாக இருக்க, நடுவிலிருக்கும் எச்சரிக்கை மட்டும் எப்படி ஏழைகளுக்கு எதிரானதாகும்? பவுல் நடுங்கச் சொன்னது முற்றத்தில் வெறும் வயிற்றோடு நின்றவனை அல்ல, உள்ளே சாய்ந்திருந்தவனை. வெட்கப்பட்டவனுக்குத் தீர்ப்பு வருமென்று அவர் எழுதவில்லை, வெட்கப்படுத்தியவனுக்குத் தீர்ப்பு வருமென்று எழுதினார். நாமோ அந்த ஆறு வசனங்களை விட்டுவிட்டு, உள்ளிருந்தவனை நோக்கி நீட்டப்பட்ட விரலை முற்றத்தில் நிற்பவனை நோக்கித் திருப்பிவிட்டோம். தமிழ் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. திருவிருந்தில் எந்தச் சாதியார் கிண்ணத்தில் முதலில் வாய் வைப்பது என்பதைச் சச்சரவாக்கி வைத்திருந்த சபைகளுக்கு, சாதி வேற்றுமையை உடனே விட்டுவிட வேண்டும் என்று 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டுப் போனார்களே தவிர, பந்தியில் இன்னொருவனை வெட்கப்படுத்துவதைக் கைவிட மனம் வரவில்லை. அபாத்திரமாய்ப் புசித்ததாக அவர்களில் யாராவது வருந்தியிருப்பார்களா?

என்னைக்குறித்து வெட்கப்படுகிறவனைக்குறித்து நானும் வெட்கப்படுவேன் என்று இயேசு சொன்னாரே என்று கேட்பீர்கள். வலியவர்கள் பக்கம் நின்றுகொண்டு சிலுவையில் அறையப்படப்போகிறவனைத் தெரியாது என்று சொல்லும் வெட்கம் அது. அதைச் செய்த சீடர் பேதுருவிடமும் கரையில் நெருப்பு மூட்டி, மீனையும் அப்பத்தையும் கொடுத்துச் சாப்பிடவைத்த பிறகுதான் இயேசு கேள்வி கேட்டார்.

இனி உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. மனைவியைப் பற்றி ஒரு வரி. சீட்டு நடத்தியது நீங்கள். முறிந்தது உங்கள் கையில். அவர் எதற்காகப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போகாமல் இருக்கிறார்? போ என்று நீங்கள் ஒருமுறையாவது சொன்னீர்களா, அல்லது உங்களோடு அவரும் ஒளிந்துகொள்வது உங்களுக்கு ஆறுதலாக இருக்கிறதா? பாக்கியுள்ள இரண்டு மூன்று பேர் என்கிறீர்கள், இரண்டா, மூன்றா? வாங்கிய பணத்துக்குக் கணக்கு வைத்திருப்பவர் இதை இப்படி எழுதமாட்டார். அவர்களில் யாராவது பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்திருக்கலாம், மருந்துக்கென்று சேர்த்திருக்கலாம். வெட்கம் பாவமா என்ற பெரிய கேள்வியை எனக்கு எழுத உங்களுக்கு முடிந்திருக்கிறது, அவர்கள் வீட்டுப் படியேற முடியவில்லை. வெட்கம் பாவமல்ல என்றேன். ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கடன்காரர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

வீட்டை விற்றுக் கடனைத் தீர்த்த மனிதர் நீங்கள். இன்று பலர் செய்யாத காரியம் அது. கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் அலையவிட்டிருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. இதை எழுதும்போது உங்கள்மேல் எனக்கு இருப்பது மரியாதை மட்டுமே.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற கட்டளை மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அடுத்த திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை அந்த வீடுகளுக்கு நேரில் போய், எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அவர்கள் ஏசினால் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் மனைவியோடு போய், ஆராதனை முடியும்வரை இருந்து, முதல் பந்தியில் முழங்காலிடுங்கள். உங்கள் போதகர் தடை சொன்னால் பதினோராம் அதிகாரத்தை 17-ஆம் வசனத்திலிருந்து வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். அதற்கும் அவர் இணங்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், நானே அவருக்கு எழுதுகிறேன்.

அன்புடன்