கல்லூரிப் பண்ணையும் குதிரை லாயமும்: கேளுங்கள், சொல்கிறோம்

கல்லூரி வளாகத்துக்குள் கால்நடைகளையும் குதிரைகளையும் பராமரிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வீட்டுப் பண்ணையில் ஒரே கை தினமும் தீவனம் வைக்கும். கல்லூரியில் பருவத்துக்குப் பருவம் கை மாறும். அதனால் இங்குள்ள பதில்களில் பாதி மருத்துவம், மீதி ஏற்பாடு.

கேள்வி: மாடு, செம்மறி, கோழி, குதிரை எல்லாவற்றுக்கும் தீவனக் கிடங்கு ஒன்றுதான். எலித் தொல்லை தவிர வேறு ஆபத்து உண்டா? தனிக் கிடங்கு கட்ட இப்போதைக்கு வழியில்லை.

உண்டு. எலியால் போவது மூட்டை; மூட்டை மாறினால் குதிரையே போய்விடும். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பார்கள். கோழிக்கு அது ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்து, குதிரைக்கு நஞ்சு. உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் மோனென்சின் உள்ளே போனாலே குதிரைகளில் பாதி செத்துவிடும். மாடு ஏறக்குறைய அதைப்போல் பத்து மடங்கு தாங்கும், கோழி அதற்கும் மேல். 500 கிலோ குதிரைக்குக் கணக்குப் போட்டால் ஒரு கிராம், ஒன்றரை கிராம்தான். இதயத் தசையைத் தாக்கும் இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. பிழைத்த குதிரைக்கும் இதயம் பழுதாகியிருக்கலாம். ஓடும்போது சுருண்டு விழும். மருத்துவர் இதயத்தைப் பரிசோதித்துச் சொல்லும்வரை அதன்மேல் மாணவரை ஏற்றாதீர்கள்.

செம்மறிக்கு வரும் ஆபத்து வேறு: செம்பு. மாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள தாது உப்புக் கலவையைச் செம்மறிக்கு வைத்தால் செம்பு ஈரலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேரும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வண்டியில் ஏற்றும்போதோ தீவனம் குறையும்போதோ அது மொத்தமாக ரத்தத்தில் இறங்கி, சிவப்பணுக்கள் உடைந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து ஆடு விழும். ஆகவே செம்மறிக்குச் செம்மறிக்கென்றே தயாரித்த கலவை மட்டும்.

கிடங்கு ஒன்றாகவே இருக்கட்டும், நடுவில் கம்பிவலைத் தடுப்பு போடுங்கள். குதிரைத் தீவனம் பூட்டுள்ள தொட்டியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நிறம்: தொட்டி, அளவுக் குவளை, தள்ளுவண்டி எல்லாம் அதே நிறத்தில். எழுதிய அறிவிப்பைப் படிக்காத மாணவரும் நிறத்தைப் பார்ப்பார். மூட்டையின் சீட்டை மூட்டை தீரும்வரை கிழிக்காதீர்கள். தீவனம் வைக்கும் வரிசை குதிரை, செம்மறி, மாடு, கடைசியில் கோழி. தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளி யாருக்கும் வைக்கக் கூடாது. அரவை இயந்திரம் உங்களுடையதாக இருந்தால், மருந்து சேர்த்த தீவனத்தை அரைத்த பின் வெறும் மக்காச்சோளத்தை ஓட்டிக் கழுவுங்கள். அந்த மாவு மருந்துத் தீவனம் தின்னும் இனத்துக்கே போக வேண்டும்.

குவளைக் கணக்கையும் விட்டுவிடுங்கள். 2 லிட்டர் குவளையில் தவிடு அரைக் கிலோதான் தேறும். ஓட்ஸ் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மக்காச்சோளமோ ஒன்றரைக் கிலோவை நெருங்கும். ‘இரண்டு குவளை’ என்று பலகையில் எழுதினால் தீவனம் மாறும் நாளில் அளவும் மாறிப்போகும். தராசு வாங்கி, கிலோவில் எழுதுங்கள். 500 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்குத் தானியம் 2.5 கிலோவைத் தாண்டக் கூடாது. குதிரையின் இரைப்பை சிறியது. அதற்கு மேல் போட்டால் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துவிடும்.

தப்பித்த குதிரை தானியத் தொட்டியில் வாய் வைத்துவிட்டதா? நொண்டுகிறதா என்று மறுநாள் பார்க்கலாம் என இருக்காதீர்கள். உடனே மருத்துவரை அழைத்து, அவர் வருவதற்குள் நான்கு குளம்பையும் பனிக்கட்டி நீரில் நிறுத்துங்கள். அளவு மீறிய தானியம் குளம்புக்குள் அழற்சியைக் கிளப்பும். அது வெளியே தெரிந்த பிறகு செய்வதற்கு அதிகம் மிஞ்சாது.

கேள்வி: திங்கட்கிழமை சவாரி வகுப்பில் இரண்டு குதிரைகள் கால் மணி நேரத்திலேயே வியர்த்து, பின்னங்கால் விறைத்து நின்றுவிடுகின்றன. சிறுநீர் காப்பி நிறம். வாரத்தின் மற்ற நாட்களில் நன்றாக இருக்கின்றன.

கிழமையிலேயே பதில் இருக்கிறது. வெள்ளிவரை உழைத்த குதிரை சனி, ஞாயிறு லாயத்துக்குள்ளேயே நிற்கிறது, தானியம் மட்டும் குறையாமல் விழுகிறது. திங்களன்று வேலையைத் தொடங்கியதும் தசை சிதைகிறது. தசையின் நிறமிதான் சிறுநீரில் இறங்குகிறது. அது சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அந்த நேரத்தில் முதல் விதி: நடத்தாதீர்கள். ‘நடந்தால் சரியாகும்’ என்று யாராவது சொல்வார்கள். நடக்க நடக்கத் தசை மேலும் சிதையும். நின்ற இடத்திலேயே சேணத்தை இறக்கி, வெயில் என்றால் நிழல், குளிர் என்றால் போர்வை கொடுத்து, தண்ணீர் காட்டி மருத்துவரை அழையுங்கள். வலிக்கு ஊசி இருக்கிறதே என்று நீங்களே போட வேண்டாம். நீர் வறண்ட குதிரைக்கு அந்த மருந்துகள் சிறுநீரகத்தில் இரண்டாவது அடி.

தடுப்பு எளிது. ஓய்வு நாளுக்கு முந்தைய மாலையே தானியத்தைப் பாதியாகக் குறையுங்கள், உலர்புல்லைக் குறைக்க வேண்டாம். ஓய்வு நாளிலும் சில மணி நேரம் வெளியே அவிழ்த்துவிடுங்கள். தினம் 30 முதல் 50 கிராம் உப்பு கொடுங்கள். தேர்வு விடுமுறை முடிந்து வரும் முதல் வாரம் வேலையைப் படிப்படியாகக் கூட்டுங்கள். இத்தனைக்குப் பிறகும் அதே குதிரைக்குத் திரும்பத் திரும்ப வந்தால் பரம்பரைத் தசை நோயாக இருக்கலாம், பரிசோதித்துப் பாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு பருவமும் புதுக் குதிரைகள் வருகின்றன. மாணவர்கள் சொந்தக் குதிரைகளையும் கொண்டுவருகிறார்கள். தனிமைப்படுத்தக் கட்டடம் இல்லை.

கட்டடம் வேண்டாம், இடைவெளி போதும். கடைசி மூலையில் இரட்டை வேலி போட்டு, மூக்கோடு மூக்கு தொட முடியாதபடி நடுவே 3, 4 மீட்டர் விடுங்கள். குறைந்தது 14 நாள், முடிந்தால் 21 முதல் 30 நாள். காலையும் மாலையும் ஆசனவாய் வெப்பநிலை பார்த்து எழுத வேண்டும். இதைத்தான் பல கல்லூரிகளில் ஏட்டில் மட்டும் ‘செய்கிறார்கள்’. நிரப்பிய அட்டையில் பதினான்கு நாளும் ஒரே 37.8 இருந்தால் வெப்பமானி பெட்டியை விட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் தொண்டைக் கட்டி நோயில் காய்ச்சல் முதலில் வரும். மூக்கில் கிருமி வெளிப்படுவது அதற்கு ஓரிரு நாள் கழித்துத்தான். 38.5 டிகிரியைத் தாண்டிய அன்றே அந்தக் குதிரையை இன்னும் தள்ளிக் கட்டினால் மற்றவை தப்பும். சளி வழிந்த பிறகு பிரித்தால் தொற்று உங்களை முந்திவிட்டது. தேறிய குதிரையும் தொண்டைப் பையில் கிருமியை மாதக்கணக்கில் சுமக்கலாம், ஆகவே அந்தப் பையைக் கழுவி எடுத்த நீரைப் பரிசோதிக்காமல் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

வாளி, தூரிகை, தலைக்கயிறு, சாணவாரி எல்லாம் தனி. புதியவற்றைப் பார்ப்பது நாளின் கடைசி வேலை. தண்ணீர்க் குழாயின் நுனியை வாளிக்குள் முக்காதீர்கள். ஒரு லாயம் முழுக்க நோய் பரவ அந்த நுனி ஒன்றே போதும். கால் முக்கும் கிருமிநாசினித் தட்டில் சாணக் காலோடு இறங்கினால் பயனில்லை. முதலில் தூரிகை, தண்ணீர், பிறகுதான் மருந்து.

கேள்வி: மாட்டை அசையாமல் நிறுத்திப் பரிசோதிக்கும் சட்டக்கூண்டுக்குள், செய்முறை வகுப்பு நாளில் மட்டும் மாடுகள் நுழைய மறுக்கின்றன.

வகுப்பைத் தள்ளி நிறுத்துங்கள். எதிரே பத்து மாணவர்கள் நின்று பார்த்தால் எந்த மாடு போகும்? எல்லாரும் பக்கச்சுவருக்குப் பின்னால், மாட்டின் பார்வைக்கு அப்பால் நிற்க வேண்டும். பிறகு நீங்கள் அந்தப் பாதையில் குனிந்து மாட்டுக் கண் உயரத்தில் நடந்து பாருங்கள்: தொங்கும் சங்கிலி, வேலியில் மாட்டிய மேலங்கி, தேங்கிய நீரில் மின்னும் வெளிச்சம், தரையில் குறுக்கே விழும் நிழல். மாடு நிற்கும் இடம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

மாட்டுக்குத் தோள்தான் எல்லைக்கோடு. தோளுக்கு முன்னால் நின்றால் பின்வாங்கும், பின்னால் நின்றால் முன்னேறும். அதன் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக நீங்கள் தோளைக் கடந்து நடந்தால் அது முன்னே போகும், தடி தேவைப்படாது. ஒற்றைப் பாதை பெரிய மாடுகளுக்கு 70 முதல் 75 சென்டிமீட்டர் அகலம். அதற்கு மேல் போனால் திரும்பிவிடும். ஒற்றைப் பாதைக்கு முன்னால் மாடுகள் கூடும் பட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரு மாட்டைத் தனியாகப் பிரித்து விரட்டாதீர்கள், தனித்த மாடுதான் பாயும். வகுப்பில்லாத நாட்களிலும் சும்மா உள்ளே விட்டு, வெளியேறும் இடத்தில் தீனி வைத்து அனுப்பிப் பழக்குங்கள். உள்ளே போனால் ஊசியும் கையுறையும் மட்டுமே என்று தெரிந்த மாடு எப்படி வரும்?

கையுறை என்றதும் இன்னொன்று. ஆசனவாய்வழிச் சினைப் பரிசோதனைப் பயிற்சியில் எந்தப் பசுவை எத்தனை பேர் தொட்டார்கள் என்பதற்குப் பதிவேடு வையுங்கள். கையுறையில் ரத்தம் தெரிந்தாலோ பசு விடாமல் முக்கினாலோ அன்றைக்கு அந்தப் பசுவுக்கு வகுப்பு முடிந்தது.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் குடற்புழு மருந்து கொடுக்கிறோம். சரிதானே?

வளர்ந்த குதிரைகளுக்குச் சரியில்லை. பழைய பழக்கம் இது. எதிர்ப்புத் திறன் பெற்ற புழுக்களை வளர்த்தெடுத்ததும் இதுதான். ஒரு மந்தையில் ஐந்தில் ஒன்று அல்லது சற்று அதிகமான குதிரைகளே முட்டைகளில் பெரும்பங்கை வெளியேற்றுகின்றன. அவற்றைக் கண்டுபிடித்து மருந்து கொடுங்கள். சாண முட்டை எண்ணிக்கை மாணவர்களுக்கும் நல்ல பயிற்சி. புதிய சாணம் 4 கிராம், நிறை உப்புக் கரைசல் 56 மில்லி, கலக்கி வடிகட்டி, மெக்மாஸ்டர் சில் என்னும் முட்டை எண்ணும் கண்ணாடியின் இரு அறையிலும் எண்ணி 50-ஆல் பெருக்க வேண்டும். வருவது ஒரு கிராம் சாணத்தில் உள்ள முட்டைகள். 200-க்குக் கீழ் என்றால் விடலாம், 500-க்கு மேல் கட்டாயம் மருந்து. கொடுத்து 14 நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். ஃபென்பெண்டசோல் கொடுத்தும் எண்ணிக்கை 90 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பண்ணையில் செத்துவிட்டது. குறைந்த எண்ணிக்கையுள்ள குதிரைக்கும் நாடாப்புழு, பெரிய உருளைப்புழு வகைகளுக்காக ஆண்டுக்கு ஓரிரு முறை மருந்து தேவை. குட்டிகளுக்குக் கணக்கு வேறு, வயதை வைத்து மருத்துவர் சொல்வார்.

இடமிருந்தால் குதிரை மேய்ந்த நிலத்தில் அடுத்து மாட்டை விடுங்கள். ஒன்றின் புழு பெரும்பாலும் மற்றதன் வயிற்றில் பிழைக்காது.

கேள்வி: உலர்புல்லை லாயத்துக்கு மேல் பரணில் அடுக்கலாமா?

வேண்டாம். தூசி நாள் முழுக்கக் குதிரையின் மூக்கில் விழும், தீப்பிடித்தால் கூரையிலிருந்து இறங்கும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேலுள்ள கட்டுகள் தாமாகவே சூடேறும். புதுப் புல் அடுக்கிய முதல் சில வாரம் நீள வெப்பமானியை நடுவில் செருகிப் பாருங்கள். 55 டிகிரி என்றால் தினமும் இருமுறை கவனியுங்கள். 80-ஐ நெருங்கினால் கட்டைப் பிரிக்காதீர்கள். காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: குதிரைச் சாணக் குவியல் மக்கவே மாட்டேன் என்கிறது.

படுக்கைக்கு மரச்சீவல் போடுகிறீர்கள் அல்லவா? அதில் கரிச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. மாட்டுச் சாணமும் பச்சைப் புல் வெட்டும் சேருங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும். குவியல் எப்பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. 55 டிகிரி 15 நாள் நிலைத்து, அதற்குள் ஐந்து முறை புரட்டினால் களை விதையும் புழு முட்டையும் பெரும்பாலும் ஒழியும். தோட்டத்துறைக்குக் கொடுக்குமுன் பாதி எரு, பாதி மண்ணில் அவரை விதைத்துப் பாருங்கள். இலை சுருண்டு கிண்ணம்போல் மடிந்தால், களைக்கொல்லி அடித்த நிலத்தின் புல் உங்கள் லாயத்துக்கு வந்திருக்கிறது.

கேள்வி: விடுமுறையில் இரவுக் காவலர் மட்டும்தான் இருப்பார். குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் அவருக்கு என்ன சொல்லிவைப்பது?

லாயக் கதவில் ஓர் அட்டை, பெரிய எழுத்தில். தரையைக் கிளறுகிறதா, விலாவைத் திரும்பிப் பார்க்கிறதா, படுத்துப் புரள்கிறதா, சாணம் இல்லையா: ஒன்று இருந்தாலும் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரை அழைக்கவும். வாய்வழி எதுவும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போகும். தாடையின் அடியில் நாடியை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கவும்; இயல்பு 28 முதல் 44, அறுபதைத் தாண்டினால் அதைத் தொலைபேசியில் முதலில் சொல்லவும். மருத்துவரின் எண்ணுக்குக் கீழே மாற்று மருத்துவரின் எண், அதற்குக் கீழே செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரியின் எண். கடைசி எண் இல்லாததால்தான் பல வளாகங்களில் விடியும்வரை காத்திருக்கிறார்கள்.