மேட்டைக் காக்கப்போய்ச் சடங்கை இழந்துவிடாதிருக்க

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்கள் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் பின்னால், குளக்கட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. அதில் பெரிய செங்கற்கள், மூன்று கல்தூண்கள், எழுத்துப்போல் கீறிய கல்லொன்று. வைகாசிச் சடங்கில் குளிர்த்தியன்று (அம்மனைக் குளிர்விக்கும் நிறைவு நாளில்) மடை, அதாவது படையல், வைப்பதும் அந்த மேட்டில்தான். அண்மையில் யாரோ பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) கொண்டுவந்து ஒரு மூலையை வழித்துவிட்டார்கள். இதைப் பாதுகாக்கப்பட்ட வரலாற்று இடமாக அறிவிக்கச் செய்ய என்ன வழி? அப்படி அறிவித்தால் காணியும் சடங்கும் எங்கள் கையை விட்டுப் போய்விடுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருவோம். இலங்கையின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டம் காப்பது கல்லை, கட்டடத்தை, மண்ணுக்குள் கிடப்பதை. குளிர்த்தியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆகவே மேடு வர்த்தமானியில் (அரசிதழில்) ஏறும்போது, அந்த மேட்டில் யார், எப்போது, என்ன செய்து வருகிறார்கள் என்பது கோப்பில் இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு அது வெறும் இடிபாடு. பிறகு பந்தல்கால் நடுவதற்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும். அறிவித்தலுக்கு முன்பே சடங்கை எழுத்தில் ஏற்றிவிடுவதுதான் உங்கள் முதல் வேலை.

காணி போகுமா என்பது அது எந்த வகைக் காணி என்பதில் தங்கியிருக்கிறது. உறுதிக் காணியில், அதாவது தனியார் உரித்துள்ள காணியில், உள்ள சின்னத்தை அமைச்சர் வர்த்தமானிக் கட்டளை மூலம் ‘பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்’ ஆக்கலாம். அதனால் உரித்து மாறாது, பாவனைதான் கட்டுப்படும். திருத்துவது, இடிப்பது, புதிதாகக் கட்டுவது எல்லாவற்றுக்கும் அனுமதி தேவை. உரித்தையே அரசு எடுக்க வேண்டுமானால் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி 2ஆம் பிரிவு அறிவித்தலில் தொடங்கி, நட்டஈடு கொடுத்துத்தான் எடுக்க முடியும். அரச காணி என்றால் கதை வேறு. அதைத் ‘தொல்பொருள் ஒதுக்கிடம்’ என்று அறிவிக்கலாம். அறிவித்த பின் அனுமதியில்லாமல் அங்கே காடு வெட்டவோ, பயிர் செய்யவோ, கட்டடம் எழுப்பவோ, மரம் தறிக்கவோ முடியாது. அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த ஒப்பக் காணியும் அடிப்படையில் அரச காணிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எனவே விண்ணப்பம் எழுதுமுன் காணியின் சாதகத்தைப் பாருங்கள். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அந்தத் துண்டு உறுதியா, ஒப்பமா, அரசு அளிப்புப் பத்திரம் கொடுத்ததா, வெறும் அரச காணியா என்று கேளுங்கள். நில அளவைத் திணைக்களத்தில் எஃப்.வி.பி. எனப்படும் இறுதிக் கிராமப் படத்தின் பிரதியை எடுத்து, துண்டிலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குளக்கட்டும் குளத்து ஒதுக்கும் பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ உரியதாக இருக்கும். வனப் பகுதி என்றால் வனத் திணைக்களமும் சேரும். இவர்களில் ஒருவரை விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து ‘எங்களைக் கேட்கவில்லை’ என்று கோப்புத் திரும்பி வரும்.

கோயில் காணிகளில் இன்னொரு சிக்கல்: உறுதி எப்போதோ இறந்துபோன ஒரு வண்ணக்கரின் (கோயில் பொறுப்பாளரின்) பெயரிலேயே கிடக்கும். அதை நம்பிக்கைப் பொறுப்புச் சொத்தாக ஒழுங்குபடுத்துங்கள். கோயிலை இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் பதிந்துகொள்ளுங்கள். நாளைக்கு ஆட்சேபணை எழுதினால் ‘நீங்கள் யார்?’ என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

அடுத்தது ஆவணம். இங்கேதான் நல்ல நோக்கமுள்ளவர்கள் கூடுதலான சேதம் செய்கிறார்கள். தூண்களைத் தூக்கிவந்து கோயில் வாசலில் அடுக்குவது, செங்கல்லைக் கழுவி மடைப்பள்ளியில் வைப்பது, எழுத்துத் தெரிய வேண்டுமென்று கல்லில் மஞ்சளோ சோக்கோ பூசுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது. இடத்தை விட்டு அசைத்த தூண் சாட்சியாகப் பாதிப் பெறுமதியை இழந்துவிடும். சோக்குப் பூசிய கல்லில் பூசியவர் கண்ட எழுத்துத்தான் படத்தில் தெரியும், வெட்டியவர் வெட்டிய எழுத்துத் தெரியாது. கல்வெட்டைக் காலை ஏழு மணிக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின், வெயில் பக்கவாட்டில் சாயும்போது படமெடுங்கள். எதுவும் பூசாமலே கீறல் நிழல்கட்டி நிற்கும். மைப்படி (எழுத்தை மைகொண்டு தாளில் ஒற்றியெடுக்கும் பிரதி) எடுப்பதைத் திணைக்கள அலுவலரிடம் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு படம் போதும். ஒன்று 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் பக்கத்தில் வைத்துக் கிட்ட எடுத்தது, மற்றது கோயிலோ குளமோ பின்னால் தெரிய எட்ட நின்று எடுத்தது. கைபேசியின் ஜீ.பீ.எஸ். எண்ணைக் கூடவே எழுதுங்கள். முழுச் செங்கல் கிடைத்தால் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அளந்து வையுங்கள், காலத்தைக் கணிக்க அது உதவும். ஆடி, ஆவணியில் புல் காய்ந்து கிடக்கும்போது இந்த வேலையைச் செய்தால் மேட்டின் வடிவம் முழுதாகத் தெரியும். எந்தக் காரணத்துக்கும் தோண்ட வேண்டாம். அனுமதிப் பத்திரமின்றித் தோண்டுவது, சொந்தக் காணியிலும், குற்றம். பிடிபட்டால் பிணை எடுப்பதே பெரும்பாடு. மழையில் தானாகச் சிலையோ காசோ வெளிப்பட்டால் கிராம உத்தியோகத்தரிடமோ பொலிஸிலோ எழுத்தில் அறிவித்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். மண்ணுக்குள்ளிருந்து வரும் தொல்பொருள், காணி யாருடையதானாலும், அரசுக்கு உரியது.

சட்டத்தில் ‘புராதன’ என்பதன் எல்லைக்கோடு 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்த நாள். அதற்குப் பிந்தியதானாலும் 100 வருடத்துக்கு மேற்பட்டதென்றால் கட்டளை மூலம் சேர்க்க இடமுண்டு. நீங்கள் சொல்லும் செங்கல்லும் தூணும் 1815க்கு முந்தியவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் விண்ணப்பத்தில் ‘சோழர் காலம்’, ‘நாகர் காலம்’ என்று எழுதிவிடாதீர்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: மேட்டுக்குள் இருப்பது பௌத்தக் கட்டடமாகவும் இருக்கலாம். கிழக்கில் பழைய பௌத்தத் தடயமும் சைவத் தடயமும் ஒரே மண்ணில் கிடப்பது புதினமில்லை. எதுவாக இருந்தாலும் செங்கல்லின் சமயம் காணியின் உரித்தைத் தீர்மானிப்பதில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதிச் செயலணி அமைத்தபோது தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ அதில் இருக்கவில்லை. அந்தப் பயம் இன்னும் ஊர்களில் இருப்பது நியாயமே. ஆனால் பயந்து மறைத்த மேட்டைப் பெக்கோ வழித்தாலும் கேட்பாரில்லை.

சடங்குக் கோப்புக்கு வருவோம். சடங்கின் நாட்கள், மடை வைக்கும் புள்ளி, பந்தலின் அளவு, வரும் ஊர்கள், எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) என்ன உரிமை, பூசை செய்யும் கப்புகனார் போகும் பாதை எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி, பழைய அழைப்பிதழ், வரவுசெலவுக் கொப்பி, படங்களை இணையுங்கள். மூத்தவர்கள் சிலரின் சத்தியக்கடதாசியும் சேரட்டும். ஒரு வரைபடத்தில் இரண்டு கோடு போடுங்கள்: உள்ளே சின்னங்கள் கிடக்கும் பகுதி, வெளியே அதைச் சுற்றிய காப்புப் பகுதி. மடையும் பாதையும் எந்தக் கோட்டுக்குள் வருகின்றன என்று காட்டி, ‘இவை வழமைபோல் நடக்கும், தரையைத் தோண்டாமல் மண் மூடையில் கால் நிறுத்திப் பந்தல் போடுவோம்’ என்று நீங்களே முன்மொழியுங்கள். பாவனையும் பாதுகாப்பும் ஒன்றாக இருக்க முடியாதென்று யாராவது சொன்னால் மட்டக்களப்புக் கோட்டையைக் காட்டுங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டைக்குள் பல தசாப்தமாகக் கச்சேரியே, அதாவது மாவட்டச் செயலகமே, நடந்தது.

விண்ணப்பம் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்துக்கு, சர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தை, கொழும்பு 7. பிரதிகள் உங்கள் பகுதிக்குப் பொறுப்பான பிராந்திய அலுவலகத்துக்கும், பிரதேச செயலாளருக்கும், மாவட்டச் செயலாளருக்கும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. ஆனாலும் சிங்கள மொழிபெயர்ப்பொன்றை இணைத்தால் கோப்பு மேசையில் தூங்காது. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் ஒருவரை வந்து பார்க்கச் சொல்லி, அவருடைய அவதானிப்பையும் சேர்த்தால் எடை கூடும்.

அலுவலர்கள் பார்வையிட வரும் நாளில் வண்ணக்கரும் கிராம உத்தியோகத்தரும் கூடவே நிற்க வேண்டும். அன்று குறிக்கப்படும் எல்லைதான் பிறகு அளவைப் படமாகிறது. வர்த்தமானி வரைவில் மூன்றைச் சரிபாருங்கள்: பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவின் இலக்கம், ஏக்கர்-ரூட்-பேர்ச்சஸ் அளவு. பெயர் சின்ன விஷயமில்லை. ஒரே மலை எங்களுக்குக் குடும்பிமலை, சிங்களத்தில் தொப்பிகல, வெள்ளைக்காரனுக்கு ‘பரன்ஸ் கெப்’. ஊர் வழங்கும் பெயர் தமிழ் வர்த்தமானியில் அப்படியே இருக்கட்டும். வயல் துண்டு எதுவும் எல்லைக்குள் விழுந்திருந்தால், அறிவித்தலில் குறித்த திகதிக்குள் அந்தத் துண்டின் இலக்கத்தைச் சொல்லி ஆட்சேபியுங்கள். மொத்தமாக ‘எதிர்க்கிறோம்’ என்று எழுதும் கடிதத்தால் பலனில்லை.

பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ‘எங்கள் விண்ணப்பத்தின் மீது எடுத்த நடவடிக்கை, பார்வையிடல் அறிக்கையின் பிரதி’ என்று கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பெக்கோ வழித்த மூலையை இப்போதைக்கு நிரப்பவோ சீவவோ வேண்டாம். மாரி தொடங்குமுன், வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை மூடைகளில் நிரப்பி, வெட்டுமுகத்தில் முட்டாமல் சாய்வின் மேற்பக்கம் அடுக்கி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். வேலி போடுவதானால் மேட்டுக்கு வெளியே. கட்டைக்குத் தோண்டும் குழியும் தோண்டல்தான். வழித்தது என்ன வேலைக்காக என்றும் விசாரியுங்கள். 0.25 ஹெக்டயருக்கு, அதாவது ஏறத்தாழ 99 பேர்ச்சஸுக்கு, மேற்பட்ட காணியில் அபிவிருத்தி வேலை செய்பவர் 2000ஆம் ஆண்டுக் கட்டளைப்படி முதலில் தொல்பொருள் தாக்க மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். அதைச் செய்யாமல் தொடங்கியிருந்தால், வேலையை நிறுத்தக் கேட்கும் கடிதத்தை விண்ணப்பத்துக்குக் காத்திராமல் இன்றே அனுப்பலாம்.