ஸ்நார்க்கலிங் போகிறோம், சுறா வந்தால் என்ன செய்வது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஜனவரியில் மாலத்தீவு போகிறோம். நான், கணவர், பதின்மூன்று வயது மகன். ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, நீர்மேல் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்கிற இடத்திலேயே சுறா சுற்றுவதை வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. மகனுக்கோ அதைப் பார்த்தே ஆக வேண்டுமாம். எனக்கு நீச்சல் சுமார்தான். அந்தத் தேதியில் மாதவிலக்கு வந்தாலும் வரலாம். இரத்த வாசனைக்குச் சுறா வரும் என்கிறாள் தோழி. கணவர் பிபி மாத்திரை சாப்பிடுகிறார். சுறா நேரில் வந்தால் என்ன செய்வது? செலவு கட்டுப்படியாகாவிட்டால் அந்தமான் போகலாம் என்றும் ஒரு யோசனை. அங்கே எப்படி?"

மாலத்தீவில் நீங்கள் சுறாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள். அங்கே 2010இல் சுறா பிடிக்கத் தடை விதித்தார்கள். அதனால் பல தீவுகளில் தண்ணீரில் இறங்காமல் படகுத்துறையில் நின்றபடியே பார்த்துவிடலாம். முழங்கால் ஆழத்தில், முதுகுத் துடுப்பின் நுனியில் கறுப்பு மை தொட்டு வைத்தது மாதிரி, ஒரு முழ நீளத்தில் குட்டிகள் போய்க்கொண்டிருக்கும். அது கருநுனிச் சுறா. வளர்ந்தாலும் ஒன்றரை மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். துடுப்பு நுனி வெள்ளையாக இருந்தால் வெண்நுனிச் சுறா. அது இரவில் வேட்டையாடும், பகலில் பாறை இடுக்கில் படுத்துக் கிடக்கும். மணல் நிறத்தில், வாயருகே மீசை மாதிரி தொங்க, அடியில் சோம்பலாகக் கிடப்பது நர்ஸ் சுறா. மூன்று மீட்டர் வரை வளர்வதால் பார்க்கப் பயமாக இருக்கும். தெற்கு அரி பவளத்தீவுப் பக்கம் போனால் திமிங்கலச் சுறாவும் கண்ணில் படலாம். மீன்களிலேயே பெரியது அதுதான், ஆனால் தின்பது நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிர்களையும் சின்ன மீன்களையும்தான்.

மனிதரைக் கொன்றதாகப் பதிவான சம்பவங்களில் பெரும்பாலானவை வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச் சுறா என்ற மூன்றின் கணக்கில் வருகின்றன. நீங்கள் மிதக்கப்போகும் ஆழமில்லாத பவளப்பாறைப் பகுதியில் வழக்கமாகக் காண்பவை இவை அல்ல. புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் சர்வதேசப் பதிவேட்டின்படி, சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 70. இறப்பு சராசரியாக 5 அல்லது 6. கடித்த சம்பவங்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடப்பவை. அலைச்சறுக்கு செய்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

சரி, புள்ளிவிவரம் தெரிந்துவிட்டால் நெஞ்சு படபடப்பு நின்றுவிடுமா? நிற்காது. அதனால் தண்ணீருக்குள் என்ன செய்வது என்று பார்ப்போம்.

தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கால் பங்கு கிட்டத்தில் இருப்பதாகவும் தெரியும். ஒன்றரை மீட்டர்ச் சுறா இரண்டு மீட்டராகத் தோன்றும். இதை மகனிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பார்த்த உடனே கையை நீட்டிக் கணவருக்குக் காட்டுங்கள், அப்புறம் அசையாமல் மிதங்கள். கை கால் அடித்துத் தண்ணீரைக் கலக்காதீர்கள். அடிபட்ட மீன் துடிப்பதைச் சுறா தொலைவிலிருந்தே காதாலும், கிட்டத்தில் உடலின் பக்கவாட்டு உணர்வுக்கோட்டாலும் அறியும். நீங்கள் உதறுவதும் அதற்கு அப்படித்தான் கேட்கும். திரும்பி வேகமாகக் கரைக்கு நீந்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, அதுதான் மோசமானதும். தெருநாயைக் கண்டு ஓடினால் என்ன ஆகுமோ அதே கதை. முகத்தைச் சுறா பக்கமே வைத்துக்கொண்டு, மூவரும் ஒட்டி நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். பாறையோரம் இருந்தால் முதுகைப் பாறைப் பக்கம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பவளத்தின் மேல் சாயக்கூடாது. பத்துக்கு ஒன்பது தடவை நீங்கள் இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் அது போயிருக்கும். கருநுனிச் சுறா அவ்வளவு கூச்சம் பிடித்தது.

ஒரே ஒரு நடத்தையை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்திருங்கள். மாலத்தீவின் கால்வாய்ப் பகுதிகளில் சாம்பல் சுறா என்று ஒன்று உண்டு. நெருக்கினால் அது முதுகை வளைத்து, மூக்கைத் தூக்கி, பக்கத் துடுப்புகளைக் கீழே இறக்கி, உடம்பை முறுக்கி முறுக்கி நீந்தும். 'தள்ளிப் போ' என்பதுதான் அதற்குப் பொருள். படம் எடுக்காமல் விலகிவிடுங்கள். எந்தச் சுறாவானாலும் நிஜமாகவே பாய்ந்து வந்தால் மூக்கு, கண், செவுள் ஆகிய இடங்களில் கேமராவாலோ கையாலோ ஓங்கிக் குத்துங்கள். கடிபட்டால் துணியை வைத்துக் காயத்தை அழுத்திப் பிடித்தபடியே கரையேற்ற வேண்டும். அழுத்தத்தை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

கருநுனிச் சுறா கடித்த அரிதான சம்பவங்களில் பெரும்பாலானவை, முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தவர்களின் காலையும் பாதத்தையும் கவ்வியவை. அதாவது, மிதப்பவரை விட நடப்பவருக்குத்தான் வாய்ப்பு கூட. ஆழம் குறைந்த இடத்தில் சுறா தெரிந்தால் நிற்காமல் படுத்து மிதங்கள்.

மாதவிலக்கு விஷயத்துக்கு வருகிறேன். அதனால் சுறா தாக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. புதுச்சேரியில் எங்களிடம் டைவிங் கற்க வரும் பெண்கள் அநேகமாக எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது, தயங்க ஒன்றுமில்லை. கப் அல்லது டாம்பன் பழகியவர்களுக்கு வேலை எளிது. வயிற்றுவலியும் களைப்பும் இருந்தால் அன்று ஓய்வெடுங்கள், அது சுறாவுக்காக அல்ல. கொலுசை மட்டும் கட்டாயம் கழற்றி அறையில் வைத்துவிடுங்கள். பளபளவென்று மின்னுவது மீன் செதிலாகத் தெரியும். சுறாவை விட சீலா மீனுக்கு அதில் கண் அதிகம். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராவிட்டால், கழுத்துவரை மூடிய நீச்சல் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் இறங்க வேண்டாம். மீனவர்கள் மீன் வெட்டிக் கழிவைக் கொட்டும் துறையோரத்திலும் வேண்டாம். கடலூர் துறைமுகத்தில் மீன் வெட்டுகிற இடத்தை எத்தனை காக்கையும் பூனையும் சுற்றுகின்றன என்று பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் எனக்குக் கோபமே வரும் ஒரு சமாச்சாரம் உண்டு. 'சுறாவோடு நீந்தலாம்' என்று கூப்பிட்டுப் போய், மீன் துண்டுகளை வீசி நர்ஸ் சுறாக்களைக் கூட்டி, நடுவில் ஆட்களை இறக்கிவிடும் பயணங்கள். பையன் அடம்பிடிப்பான், விலையும் குறைவாகச் சொல்வார்கள். போகாதீர்கள். நர்ஸ் சுறா சாதுதான், ஆனால் இரையை உறிஞ்சிக் கவ்வும் தாடை அதற்கு. கவ்வினால் லேசில் விடாது. வாலைப் பிடித்தவர்களும் கையால் ஊட்டியவர்களும்தான் பெரும்பாலும் அதனிடம் கடி வாங்கியிருக்கிறார்கள். மனிதன் என்றால் சாப்பாடு என்று ஒரு சுறாவுக்குப் பழக்கிவிட்டு, அதே தண்ணீரில் குழந்தையை இறக்குவதில் என்ன நியாயம் இருக்கிறது? தூண்டில் இரை எதுவும் போடாமல் பாறையோரம் அழைத்துப்போகும் கைடு யார் என்று தங்கும் இடத்தில் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இரண்டு விஷயங்கள். நீச்சல் சுமார் என்பது ஒன்று, கணவரின் பிபி இன்னொன்று. ஸ்நார்க்கலிங்கில் உயிர் போவது பெரும்பாலும் மூச்சுத் திணறலாலும் நீரில் மூழ்கியும் இதயக் கோளாறாலும்தான். குழாய் வழியாக மூச்சிழுப்பது நுரையீரலுக்கு வழக்கத்தை விட அதிக வேலை. ஹவாயில் ஸ்நார்க்கலிங் இறப்புகளை ஆராய்ந்தவர்கள், மூச்சுக்குத் தடை தரும் குழாயில் பலமாக மூச்சிழுக்கும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று 2021இல் சொன்னார்கள். இரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ளவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். அதனால் கிளம்பும் முன் உங்கள் வழக்கமான மருத்துவரிடம் 'கடலில் நீந்தப் போகிறேன்' என்று சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிறிது நேரம் நீந்தியதும் காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ இருமல் வந்தாலோ உடனே மல்லாந்து, குழாயைத் துப்பிவிட்டு, கையை உயர்த்திக் காட்ட வேண்டும். 'கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும்' என்பது இதில் வேலைக்கு ஆகாது. முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அவசரத்தில் சட்டென்று துப்பிவிட முடியாது.

இன்னொன்று நீரோட்டம். கடலூர் சில்வர் பீச்சிலும் புதுச்சேரிக் கடற்கரையிலும் கடலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அலைதான் ஆபத்தின் அடையாளம். மாலத்தீவு லகூனில், அதாவது பவளப்பாறை சூழ்ந்த ஆழமில்லாத நீர்ப்பரப்பில், அலை இருக்காது, அதனால் மனசு அசந்துவிடும். ஆனால் பவளப்பாறையின் விளிம்பிலும், இரண்டு பாறைகளுக்கு இடையிலான கால்வாயிலும் தண்ணீர் சத்தமே இல்லாமல் ஓடும். பத்து நிமிடம் மீன் பார்த்து நிமிர்ந்தால் தங்குமிடம் எங்கோ போயிருக்கும். இறங்கும் முன், எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே ஏறுவது என்று கைடிடம் கேளுங்கள். ஓட்டத்தை எதிர்த்துத் தொடங்கி, அதோடு திரும்புங்கள். இழுத்தால் எதிர்த்துப் போராடாமல் பக்கவாட்டில் வெளியேறுங்கள். மூவருமே லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. மகனைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள்.

முன்பயிற்சியைச் சில்வர் பீச்சில் செய்து பார்க்க வேண்டாம். அங்கே அலை உடையும், அடிமணல் கலங்கியிருக்கும், ஆற்று முகத்துவாரமும் அருகில். நீச்சல் குளத்தில் செய்யுங்கள். முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி குழாயில் மெதுவாக மூச்சுவிடுவது, குழாயில் புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றுவது, மாஸ்க்கில் தண்ணீர் ஏறினால் பதறாமல் நிமிர்ந்து வடிப்பது. இந்த மூன்றும் பழகிவிட்டால் சுறாவைப் பார்க்கும்போதும் மூச்சு தடுமாறாது.

சுறாவை விடுங்கள், உங்களைத் துரத்தக்கூடிய மீன் ஒன்று உண்டு. பெரிய ட்ரிகர் மீன் முட்டையிட்டுக் காவல் காக்கும்போது, யாரையும் பாறையருகே விடாது, பல்லால் கடிக்கும். அதன் ஆதிக்கம் கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவம்; மேலே எழும்பினால் அதற்குள்ளேயே இருப்பீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள்.

கடைசியாக அந்தமான். அங்கேயும் சுறா பயமில்லை, முதலை உண்டு. 2010இல் ஹேவ்லாக் தீவில், இன்றைய சுவராஜ் தீவில், ராதாநகர் கடற்கரை அருகே ஸ்நார்க்கலிங் செய்த ஓர் அமெரிக்கப் பெண் உப்புநீர் முதலையால் இறந்தார். ஆகவே அங்கே போனால், சதுப்புக்காடும் ஓடை வாயும் உள்ள இடங்களைத் தவிருங்கள். எலிஃபன்ட் பீச் போல அனுமதியுள்ள இடங்களில் கைடோடு இறங்குங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால், பக்கத்தில் நாலு பேர் குளித்துக்கொண்டிருந்தாலும் இறங்காதீர்கள்.