சைக்கிள் கேள்வி–பதில்: கொழுவும் பெடலும் அதற்கேற்ற சப்பாத்தும்

கேள்வி: பிரான்ஸில் இருக்கும் அண்ணா ரேசிங் சைக்கிளுக்கென்று ஒரு சோடி சப்பாத்து அனுப்பியிருக்கிறார். அடியில் மூன்று ஓட்டை. நான் கொழும்பிலிருந்து எடுப்பித்த பெடலோடு வந்த கிளீட்டுக்கு, அதாவது சப்பாத்தின் அடியில் பூட்டிப் பெடலில் கொழுவும் துண்டுக்கு, இரண்டு ஆணிதான். துளை போட்டுப் பூட்டலாமா? – வாசகர், பரந்தன்

பதில்: துளை போடாதீர்கள். அடித்தட்டு நைலோனாக இருந்தாலும் காபனாக இருந்தாலும், நீங்கள் போடும் துளைக்குள் ஆணியைப் பிடிக்க உலோக மரை இருக்காது. எழும்பி நின்று மிதிக்கும் முதல் நாளே கிளீட் பிய்ந்துவிடும்.

உங்கள் கையில் இருப்பவை இரண்டு வேறு குடும்பம். முக்கோணமாக மூன்று ஓட்டை உள்ள சப்பாத்து லுக் கியோ, ஷிமானோ எஸ்.பி.டி–எஸ்.எல் போன்ற பெடல்களுக்கானது. அவற்றின் கிளீட் பெரிய பிளாஸ்டிக் துண்டு. சப்பாத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு ஆணிக் கிளீட் பெரும்பாலும் ஷிமானோ எஸ்.பி.டி. அது சின்ன உருக்குத் துண்டு; அதற்கென்று செய்த சப்பாத்தின் அடியில் உள்ள பள்ளத்துக்குள் ஒளிந்துவிடும். மூன்று ஓட்டைச் சப்பாத்தில் இரண்டு ஆணிக் கிளீட்டைப் பூட்ட இணைப்புத் தகடு விற்கிறார்கள். பூட்டலாம், ஓடலாம். ஆனால் இரும்பு வெளியே நிற்பதால் சீமெந்துத் தரையில் கால் வைத்ததும் வழுக்கும்.

ஏ-9 வீதியில் பரந்தனிலிருந்து வவுனியா வரை இறங்காமல் ஓடுவதுதான் உங்கள் ஓட்டம் என்றால், சப்பாத்தை வைத்துக்கொண்டு பெடலை மாற்றுங்கள். அகன்ற கிளீட் பாதத்தின் பாரத்தைப் பரவலாகத் தாங்கும். நீண்ட ஓட்டத்தில் அது சுகம். மற்ற எல்லோருக்கும் எங்கள் எண்ணம் ஒன்றுதான்: வன்னிக்கு இரண்டு ஆணி. இங்கே இறங்காமல் ஓடி முடிக்கும் பாதை குறைவு. முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கவேண்டும், தேத்தண்ணிக் கடையில் இறங்கவேண்டும், கிரவல் வீதியில் மணல் மூடிய இடத்தில் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும். பிளாஸ்டிக் கிளீட்டோடு கிரவலில் நடந்தால் அதன் முன்நுனிதான் முதலில் தேயும். பெடலைக் கவ்விப் பிடிப்பதும் அதே நுனி.

மூன்று ஓட்டைக்காரருக்கு இன்னொரு எச்சரிக்கை. லுக் கிளீட்டும் ஷிமானோ கிளீட்டும் ஒரே சப்பாத்தில் ஏறும். ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் கொழுவாது. சப்பாத்து, கிளீட், பெடல் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

கேள்வி: வெளியிலிருந்து சப்பாத்து எடுப்பிப்பதென்றால் அளவை எப்படிச் சொல்வது? – வாசகர், விசுவமடு

பதில்: செருப்பு இலக்கத்தைச் சொல்லாதீர்கள், சென்ரிமீற்றரைச் சொல்லுங்கள். பின்னேரம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மேஸ் போட்டுக்கொண்டு சுவரில் குதிக்கால் முட்ட ஒரு தாளின் மேல் நில்லுங்கள். நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு அளவுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுங்கள். ஷிமானோவின் அட்டவணையில் 41 என்பது 25.8 செ.மீ, 42 என்பது 26.5, 43 என்பது 27.2.

நீளத்தைவிட எங்கள் ஆட்களுக்கு இடைஞ்சல் அகலம். சிறு வயதிலிருந்தே செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். இந்தச் சப்பாத்துகளில் பல ஒடுக்கமானவை. அகலத்துக்காக ஒரு இலக்கம் கூட்டினால் குதிக்கால் கழன்று கழன்று வரும். அதே இலக்கத்தில் அகலப் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: இடது பெடல் ஒவ்வொரு ஓட்டத்திலும் கழன்று வருகிறது. எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை. வலது பெடலுக்கு ஒன்றும் இல்லை. – வாசகர், மாங்குளம்

பதில்: பெடலைக் கழற்றி அச்சின் மரையைப் பாருங்கள். பள்ளங்களுக்குள் மெல்லிய வெள்ளிச் சுருள் போல அலுமினியம் ஒட்டியிருந்தால், பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் மரை போய்விட்டது. இனி இறுக்குவதால் பயனில்லை.

இது எப்படி நடக்கிறது என்றால், வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடது பெடலுக்கு எதிர் மரை. மிதிக்கும்போது பெடல் தன்னைத்தானே கழற்றாமல் இருக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அச்சின் முனையில் எல், ஆர் என்ற எழுத்துப் பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் வலதை இடதில் வைத்து ஸ்பனரால் திருகினால், உருக்கு அச்சு அலுமினியத்தை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். சரியான பெடலாக இருந்தாலும் சரிவாகத் தொடங்கினால் இதே கதிதான். இறுக்காமல் ஆட்டத்தோடு ஓடினாலும் ஒவ்வொரு மிதியும் மரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

கிராங் கையை மட்டும் மாற்றுவதுதான் நல்லது. கிடைக்காவிட்டால், லேத் உள்ள பட்டறையில் துளையைப் பெருப்பித்து உருக்குப் புஷ் (உள்வளையம்) வைத்து மரை வெட்டலாம். இடதுக்கு எதிர் மரை வேண்டும் என்பதை வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டு கையும் அச்சும் தனித்தனியாக வரும் மூன்று துண்டுக் கிராங்குக்கு அளவு 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. கிராங்கும் அச்சும் ஒரே வளைந்த இரும்பாக வரும் சைக்கிளில் 1/2 அங்குலம் இருக்கும். பெடல் வாங்கமுதல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பூட்டும்போது மரையில் கிறீஸ் பூசி, முதல் நாலைந்து சுற்றை விரலால் மட்டும் சுற்றுங்கள். விரலுக்கு இறுகினால் நிறுத்திக் கழற்றித் திரும்பத் தொடங்குங்கள். பிறகு 15 மி.மீ ஸ்பனர், அல்லது உள்பக்கத்தில் குழி இருந்தால் 6 அல்லது 8 மி.மீ அலன் கீ. ஒரு சாண் நீள ஸ்பனரின் நுனியில் 18 கிலோ அளவுக்கு அமத்தினால் ஏறக்குறைய 40 நியூட்டன் மீற்றர், அது போதும். எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பினால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்பனர் அச்சிலிருந்து மேல்நோக்கி நிற்கட்டும். அதை முன்சில்லுப் பக்கம் தள்ளினால் இறுகும், பின்சில்லுப் பக்கம் இழுத்தால் கழரும். இரண்டு பெடலுக்கும் அதேதான்.

இறுகிப்போன பெடலுக்கு இரவே எண்ணெய் விட்டு வைத்து, காலையில் கிராங்கின் நுனியில் கொதிதண்ணீர் ஊற்றுங்கள். அலுமினியம் உருக்கைவிடக் கூட விரியும், பிடி விடும்.

கேள்வி: கொழுவும் பெடலுக்கு மாறி ஒரு மாதம். பத்துக் கிலோமீற்றர் தாண்டியதும் விரல்கள் விறைக்கின்றன, முழங்காலின் உள்பக்கமும் நோகிறது. முன்பு இப்படி இல்லை. – வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: சப்பாத்தைக் குறை சொல்லமுதல் கிளீட்டின் இடத்தைப் பாருங்கள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பெருவிரலுக்குப் பின்னால் உள்பக்கம் துருத்தும் எலும்பை மேலிருந்து தடவிக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் ஒரு ரேப் ஒட்டிப் பேனாவால் குறியுங்கள். சின்னவிரல் பக்கத்து எலும்புக்கும் அப்படியே; அது சற்றுப் பின்னால் இருக்கும். பெடலின் அச்சு இந்த இரண்டு குறிக்கும் இடையில் வரவேண்டும். புதிதாகப் பூட்டுவோர் அநேகமாகக் கிளீட்டை அதற்கு முன்னால், விரலடியில் வைத்துவிடுகிறார்கள். அப்போது பாரம் முழுக்க விரல் நரம்புகளில் இறங்கும், விறைக்கும். 3 மி.மீ பின்னுக்கு நகர்த்தி ஓடிப்பாருங்கள். முன்பட்டியையும் ஒரு பல் தளர்த்துங்கள். வெயிலில் கால் வீங்கும்.

முழங்காலுக்குக் காரணம் கோணம். மேசை விளிம்பில் இருந்து காலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ, கிளீட்டும் சப்பாத்தை அப்படியே நிற்கவிட வேண்டும். பலவந்தமாக நேராக்கினால் அந்த முறுக்கு முழங்காலில் போய் நிற்கும். எஸ்.பி.டி கிளீட்டில், கொழுவிய பிறகும் பாதம் பக்கவாட்டில் திரும்ப 4 பாகை அசைவு இருக்கிறது. மூன்று ஆணி வகையென்றால் நிறத்தைப் பாருங்கள். ஷிமானோவில் மஞ்சள் 6 பாகை, நீலம் 2, சிவப்பு அசையவே அசையாது. லுக் கியோவில் இது தலைகீழ்: சிவப்பு 9 பாகை, சாம்பல் 4.5, கறுப்பு அசையாது. ‘சிவப்பு நல்லது’ என்று யாரோ சொல்லக் கேட்டு மற்ற நிறுவனத்தின் சிவப்பை வாங்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய இடத்தைப் பேனாவால் சுற்றி வரைந்துவிட்டே ஆணியைத் தளர்த்துங்கள். இரண்டு கிழமையில் நோவு குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பெடலின் பிடியையும் பாருங்கள். எஸ்.பி.டி பெடலில் 3 மி.மீ அலன் கீ போகும் சிறு ஆணி இருக்கும். இருபக்கப் பெடலில் பக்கத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் ‘–’ பக்கம் திருப்பிப் பிடியைக் குறையுங்கள். நிற்பதற்குச் சற்று முன்பே, சில்லு உருளும்போதே குதிக்காலை வெளியே திருப்பிக் கழற்றப் பழகுங்கள். நின்ற பிறகு கழற்ற நினைத்தால் பக்கமாகத்தான் விழுவீர்கள். வெட்டிய வயலில் அரை மணி நேரம் ஒற்றைக்காலால் கொழுவிக் கழற்றிப் பழகினால் போதும்.

கேள்வி: பாட்டாச் செருப்போடு ரேசிங் சைக்கிள் ஓடக்கூடாதா? – மாணவர், கிளிநொச்சி

பதில்: ஓடலாம் தம்பி, தட்டைப் பெடலில். ஆனால் மழையில் செருப்பு வழுக்கினால் பெடல் சுழன்று வந்து கெண்டைக்காலில் அடிக்கும். அடி மெல்லிய கன்வஸ் சப்பாத்தும், முள் வைத்த தட்டைப் பெடலும் உங்களுக்குப் போதும். கால் வளர்ந்து முடியும்வரை கொழுவும் சப்பாத்துக்குக் காசைச் செலவழிக்கவேண்டாம்.

கேள்வி: மாரியில் கிளீட் துருப்பிடித்து, ஆணியும் கழரமாட்டேன் என்கிறது. – வாசகர், நெடுங்கேணி

பதில்: ஆணியின் குழிக்குள் சேறு காய்ந்திருக்கும். அதை ஊசியால் கிண்டி எடுத்த பிறகே 4 மி.மீ அலன் கீயைத் தட்டி இறக்குங்கள். அரைகுறையாக இறங்கிய கீதான் குழியை வட்டமாக்குகிறது. புதிய ஆணிக்குக் கிறீஸ் பூசி, குழியைச் சிறு மெழுகுத் துண்டால் அடைத்துவிடுங்கள். 50 கி.மீ ஓடியதும் ஒருதரம் இறுக்கிப் பாருங்கள். பெடலின் சுருள்வில்லில் சேற்றைக் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய். பீச்சும் தண்ணீரை அச்சடியில் பிடிக்கவேண்டாம், பெயரிங்குக்குள் போகும். நனைந்த சப்பாத்தை அடுப்படியில் வைக்காமல், உள்தட்டைக் கழற்றிப் பழைய பேப்பரை அடைத்து நிழலில் காயவிடுங்கள். சூட்டில் அடித்தட்டின் பசை விட்டுப்போகும்.