வேக்குவம் கிளீனர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பை இல்லாத வேக்குவம் கிளீனர். தூசிக் கலனைத் தவறாமல் கொட்டுகிறோம். ஆனாலும் இழுக்கும் சக்தி பாதியாகிவிட்டது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் குழாயைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அங்கே பலமாக இழுத்தால் அடைப்பு குழாயிலோ தரையில் படும் முனையிலோ இருக்கிறது. அங்கேயும் பலவீனம் என்றால் அநேகமாக ஃபில்டர்தான். பெரும்பாலான மாடல்களில் இரண்டு ஃபில்டர்கள் உண்டு: மோட்டாருக்கு முன்னால் ஒரு ஸ்பாஞ்சு, காற்று வெளியேறும் வழியில் மடிப்பு மடிப்பாக, நுண்தூசியைத் தடுக்கும் ஒரு ஹெப்பா (HEPA). கலனைக் கொட்டுகிறவர்கள் பலரும் அந்த ஸ்பாஞ்சை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் அமுக்கி அமுக்கி அலசுங்கள், பிழிந்து வரும் நீர் தெளியும் வரை. முறுக்க வேண்டாம், சோப்பும் வேண்டாம். நிழலில், காற்றோட்டமான இடத்தில் குறைந்தது 24 மணி நேரம் காய வேண்டும். மேலே காய்ந்திருந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். உலர்ந்த டிஷ்யூ தாளை மேலும் கீழும் வைத்து அழுத்துங்கள். தாள் நனைந்தால் இன்னும் பொறுங்கள். ஈர ஸ்பாஞ்சில் தூசி சேறாக ஒட்டும், நாற்றம் பிடிக்கும், ஈரம் மோட்டாருக்கும் போகும். அது காயும்வரை ஃபில்டர் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டவே கூடாது. கூடுதலாக ஒரு ஸ்பாஞ்சு வாங்கி வைத்துக்கொண்டால் இந்த அவசரமே வராது.

கேள்வி: ஹெப்பா ஃபில்டரைக் கழுவலாமா?

பதில்: ஃபில்டரைச் சுற்றியுள்ள சட்டத்தில் (ஃபிரேமில்) கழுவலாம் என்ற குறியீடு இருந்தால் மட்டும். மற்றவை காகிதம் போன்ற நுண்ணிழைகளால் ஆனவை. நனைந்தால் இழைகள் உப்பும், மடிப்பைப் பிடித்திருக்கும் பசை விடும். காய்ந்தபின் பார்க்கப் பழையபடியே இருக்கும். நுண்தூசியோ தாராளமாக வெளியே வரும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுப்பதுதான் ஹெப்பாவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தாலும் அந்த வேலை கெட்டுவிடும். பிரஷ் போட்டுத் தேய்ப்பதும், காற்றடித்து ஊதுவதும் அதே கெடுதலைச் செய்யும். முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே குப்பைத்தொட்டி ஓரத்தில் மெல்லத் தட்டுங்கள். தட்டியும் பயனில்லை என்றால் புதிது மாற்றுங்கள். மாட்டும்போது சுற்றியுள்ள ரப்பர் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த இடுக்கு வழியே காற்று போனால் எவ்வளவு நல்ல ஃபில்டரும் வீண்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துத் தானே வேலை செய்கிறது. ஏன்?

பதில்: உலர் தூசி இயந்திரங்களில் உறிஞ்சும் காற்றேதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. அடைப்பு இருந்தால் மோட்டார் சூடேறும், வெப்பக் காப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் மீண்டும் இணைக்கும். நிற்பதற்குச் சற்று முன் சத்தம் கீச்சென்று உயர்ந்திருந்தால் அடைப்பு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்: தள்ளக் காற்று இல்லாததால் மோட்டார் சுமையின்றி வேகமாகச் சுற்றுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பை, ஃபில்டர், குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். ஆறட்டும் என்று காத்திருந்து அப்படியே ஓட்டிக்கொண்டே போனால் ஒருநாள் மோட்டார் கருகும். எல்லாம் சுத்தமாக இருந்தும் நின்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: சுவரில் துளை போட்ட தூளை உறிஞ்சிய பிறகு, பை கால்வாசிகூட நிரம்பாமலே இழுக்கவில்லை.

பதில்: சிமென்ட், பூச்சுத் தூள், சாம்பல் மூன்றும் பையின் நுண்துளைகளைச் சில நிமிடங்களில் அடைத்துவிடும். பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். காகிதப் பையை உதறி மறுபடி பயன்படுத்த வேண்டாம். அடுத்த முறை கொஞ்சம் தூளென்றால் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். சாம்பலில் கங்கு இருந்தால் பையே தீப்பிடிக்கும், அதன் அருகில் இயந்திரத்தைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கேள்வி: சுழலும் பிரஷ் சுற்றுவதில்லை.

பதில்: பிளக்கை எடுத்துவிட்டு, உருளையின் நீளவாக்கில் கத்தரிக்கோலை ஓட்டிச் சிக்கிய முடியை வெட்டுங்கள். இரு முனைகளிலும் பேரிங்கைச் சுற்றியிருக்கும் முடிதான் முக்கியம். உருளை கையால் லேசாகச் சுற்றினாலும் இயந்திரத்தில் சுற்றாவிட்டால் பெல்ட் நீண்டிருக்கும் அல்லது அறுந்திருக்கும், அதை மாற்றுங்கள்.