கேள்வி – பதில்: தோலுக்குள் மைக்ரோடயாலிசிஸ்

கேள்வி: அழற்சி ஆய்வுக்காகத் தோலில் மைக்ரோடயாலிசிஸ் குழாய் (நுண்துளைச் சவ்வுள்ள மெல்லிய குழாய்; உள்ளே ஓடும் திரவத்தில் திசுவின் மூலக்கூறுகள் கலந்து வெளியே வரும்) செருகி சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதம்) எடுக்கிறோம். எந்த மருந்தும் தடவாத இடத்திலும் ஐ.எல்-6 (இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன்) எகிறுகிறது. அனுப்பிய திரவமும் முழுசாகத் திரும்பி வருவதில்லை. எங்கே கோளாறு?

பதில்: ஐ.எல்-6 ஏறுவது கோளாறு இல்லை. ஊசி குத்திய காயத்துக்குத் தோல் காட்டும் எதிர்வினை அது. செருகிய இடத்தின் சிவப்பு ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும், சிவப்பை உண்டாக்கும் ஹிஸ்டமினும் அடங்கிவிடும். அதை வைத்துத் தோல் ஆறிவிட்டதென்று முடிவு கட்டுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஐ.எல்-6, ஐ.எல்-8 இரண்டையும் செல்கள் புதிதாகத் தயாரித்தாக வேண்டும் என்பதால், அவற்றின் ஏற்றம் தொடங்குவதே அப்போதுதான். பல மணி நேரம் நீடிக்கும். ஆகவே அதே ஆளுக்கு, அதே நேரத்தில், மருந்து படாத இடத்தில் இன்னொரு குழாய் செருகுங்கள். மூன்றாம் மணி மாதிரியை மூன்றாம் மணி மாதிரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

திரவம் குறைவதற்குக் காரணம் சவ்வு. குளுக்கோஸ், லாக்டேட்டுக்கு 20 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரை விடும் சவ்வு போதும். சைட்டோகைனுக்கு 100 கிலோடால்டன் வேண்டும். அந்தப் பெரிய துளைகள் வழியே பம்பின் அழுத்தம் திரவத்தைத் திசுவுக்குள் தள்ளிவிடுகிறது. குழாயில் ஓடும் ரிங்கர் கரைசலில் (உப்புக் கரைசல்) 3 சதவீதம் டெக்ஸ்ட்ரான்-60 என்ற பெரிய சர்க்கரை மூலக்கூறைச் சேர்த்தால் கசிவு குறையும். அல்புமினும் சேர்க்கலாம், சைட்டோகைன் குழாய்ச் சுவரில் ஒட்டுவதையும் அது தடுக்கும். ஆனால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் முறை) செய்வதாக இருந்தால் அல்புமின் பக்கமே போகாதீர்கள், மற்ற புரதங்களை மூடி மறைத்துவிடும். சேகரிக்கும் குப்பி தோலின் மட்டத்திலேயே இருக்கட்டும். உயர்த்தி வைத்தால் கசிவு கூடும். குப்பியை முன்னும் பின்னும் எடை போடுங்கள்: 1 மில்லிகிராம் ஏறக்குறைய 1 மைக்ரோலிட்டர்.

கேள்வி: பம்பின் வேகத்தைக் கூட்டினால் மாதிரி அதிகம் கிடைக்குமே?

பதில்: கிடைக்கும், நீர்த்துப்போய். நிமிடத்துக்கு 0.3 மைக்ரோலிட்டரில் மணிக்கு 18தான் சேரும். ஒரு குழிக்கு 100 மைக்ரோலிட்டர் கேட்கும் எலைசாவுக்கு (புரதத்தை அளக்கும் சோதனை) ஐந்தரை மணி நேரம் ஆகும். 5 மைக்ரோலிட்டருக்கு ஏற்றினாலோ, கருவி கண்டறியும் அளவுக்கும் கீழே செறிவு இறங்கக்கூடும். 1 மைக்ரோலிட்டர் வேகமும், 25 முதல் 50 மைக்ரோலிட்டரில் பல புரதங்களை ஒரே நேரத்தில் நுண்மணிகளைக் (bead) கொண்டு அளக்கும் முறையும் நல்ல சமரசம். திரவத்தைக் குப்பிக்குக் கொண்டுவரும் குழாயின் கொள்ளளவையும் கணக்கில் சேருங்கள்: 10 மைக்ரோலிட்டர் பிடிக்கும் குழாயென்றால் குப்பியில் விழுவது பத்து நிமிடம் பழைய செய்தி.

இன்னொரு அழற்சி சைட்டோகைனான டி.என்.எஃப்-ஆல்ஃபா மூன்று துண்டு சேர்ந்த 51 கிலோடால்டன் புரதம். சவ்வைத் தாண்டவே திணறும். அதற்குப் பூஜ்யம் வந்தால் திசுவில் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.