மணியின் மூச்சை எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் கடுவன் பூனை மணிக்கு ஏழு வயது. தடுப்பூசி போடப் போனபோது நெஞ்சில் மர்மர் சத்தம் கேட்பதாக மருத்துவர் சொன்னார். எக்கோ ஸ்கேனில் இதயத் தசை தடித்து, இடது மேலறை பெரிதாகியிருப்பது தெரிந்தது. க்ளோபிடோக்ரெல் மாத்திரையில் கால் பங்கு எழுதியிருக்கிறார்கள். ஓடியாடித்தான் திரிகிறான். குட்டியாக இருந்தபோது தயிர்ச்சோறே போட்டு வளர்த்தோம், அதனால் வந்ததா? வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அன்புச் சகோதரி, முதலில் உங்கள் மனதை அரிக்கும் கேள்விக்கே வருகிறேன். தயிர்ச்சோற்றால் வந்த நோய் அல்ல இது. பூனையின் உடல் தனக்குத் தேவையான டாரின் என்ற சத்தைப் போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் அது கிடைத்தாக வேண்டும். டாரின் குறைந்தால் இதயம் தளர்ந்து, சுவர் மெலிந்து விரிந்துபோகும் என்பதை 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மணிக்கு நேர்ந்திருப்பதோ அதற்கு எதிரானது, அதாவது சுவர் தடித்திருக்கிறது. பூனைகளுக்கு மிக அதிகமாக வரும் இதய நோய் இதுதான். மெயின் கூன், ராக்டால் போன்ற இனங்களில் இதற்கான மரபணு மாற்றமே அறியப்பட்டிருந்தாலும், நம் வீட்டு நாட்டுப் பூனைகளையும் இது விடுவதில்லை. ஆகவே உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். இப்போதும் சோறுதான் முக்கிய உணவென்றால், அதை மட்டும் மாற்றுங்கள். மீனை வேகவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், டாரின் அதில் இறங்கிவிடுகிறது. உப்பு ஏறிய கருவாடு வேண்டாம்.

தடித்த தசை சரியாகத் தளராததால் கீழறையில் இரத்தம் நிரம்ப இடமின்றி, அந்த அழுத்தம் பின்னோக்கிப் போய் மேலறையைப் பெரிதாக்குகிறது. அழுத்தம் மேலும் ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கும். இதய நோயுள்ள நாய் இருமிக் காட்டிக்கொடுக்கும். பூனை பெரும்பாலும் இருமாது, ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். அதனால்தான் நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்பது, தூங்கும் பூனையின் மூச்சை நாள்தோறும் எண்ணுங்கள் என்று. அவன் நன்றாக உறங்கும்போது, குறுகுறுவென்று சத்தம் எழுப்பாத நேரமாகப் பார்த்து, விலாப்புறம் ஏறி இறங்குவதை ஒன்று எனக் கொண்டு முப்பது நொடி எண்ணி, இரண்டால் பெருக்கி, நாள்காட்டித் தாளிலேயே குறித்துவையுங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் கவலையில்லை. என் பராமரிப்பில் இருந்த ஒரு பூனைக்கு வழக்கமாக இருபத்திரண்டு. ஒரு மாலை முப்பத்தெட்டு என்று வீட்டார் தொலைபேசியில் சொன்னபோது, அது இரையைக்கூட மறுத்திருக்கவில்லை. உடனே கொண்டுவந்ததால் நீர் பிரியும் மருந்திலேயே தேறியது. முப்பதைத் தாண்டினால் சற்று நேரம் விட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டால் மருத்துவரை அழையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

மேலறை பெரிதானால் அங்கே இரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்த உறைவு நகர்ந்து பின்னங்கால் நாளங்களை அடைத்தால், பூனை திடீரென்று அலறிக் கால்களை இழுக்கும். பாதம் சில்லிட்டு, அடிப்பஞ்சு வெளிறிவிடும். அதைத் தடுக்கத்தான் க்ளோபிடோக்ரெல். அது மிகவும் கசக்கும். நாக்கில் பட்டால் நுரை தள்ளி, மறுநாள் உங்களைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடுவான். மருந்துக்கடையில் காலி கேப்ஸ்யூல் கேட்டு வாங்கி, கால் மாத்திரையை அதற்குள் வைத்துக் கொடுத்து, உடனே கொஞ்சம் ஈர உணவு தாருங்கள். மனிதர்களுக்கான பாராசிட்டமாலை மட்டும் எக்காரணம் கொண்டும் தராதீர்கள், அது பூனைக்கு நஞ்சு.

இரத்த அழுத்தத்தையும் தைராய்டையும் பரிசோதிக்கவில்லையென்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், அவையும் தசையைத் தடிக்க வைக்கும். வேறெதற்காகவேனும் மயக்க மருந்தோ ஸ்டீராய்டோ டிரிப்ஸோ கொடுக்க நேர்ந்தால் இதய நோயை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீபாவளியன்று அவனை உள்ளறையில் வைத்து ஜன்னலைச் சாத்துங்கள்.

எத்தனை நாள் இருப்பான் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நினைக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். மேலறை பெரிதாகியிருப்பதால் ஆபத்து இல்லையென்று சொல்லமாட்டேன். இதே நிலையில் ஆண்டுக்கணக்கில் சுகமாக வாழ்ந்த பூனைகளும் உண்டு. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தொலைவுதான். இரவில் ஆக்சிஜனோடு பார்க்கும் இடம் அதுவா, தஞ்சாவூரில் வேறெங்குமா என்று இந்த வாரமே விசாரித்து, தொலைபேசி எண்ணை நாள்காட்டியின் மேலேயே எழுதி வையுங்கள்.